எஸ்டீம் எஞ்சின் போட்ட ஸ்பைடர் ரெப்ளிகா: வண்டி பரவால்ல, வர்றவங்களுக்குப் பதில் சொல்றதுதான் பெரிய வேலை

மொதல்லயே சொல்லிடறேங்க, இது ஒரிஜினல் இல்ல. போர்ஷே 550 ஸ்பைடர்ங்கற பழைய ரேஸ் வண்டியோட ரெப்ளிகா, கோயம்புத்தூர்ல ஒரு சின்னப் பட்டறையில செஞ்சது, உள்ள இருக்கறது மாருதி எஸ்டீம் எஞ்சின். பட்டறைக்காரர் பேரு போட மாட்டேன், ஏன்னா நல்லதையும் எழுதப் போறேன் குறையையும் எழுதப் போறேன், ரெண்டே பசங்கள வெச்சுட்டு ஒண்டியா வேலை பாக்கறவரு, நான் எழுதி அவரு பொழப்புல கை வெக்க வேண்டாம். மொத்தமா 9 லட்சம் பக்கம் ஆச்சு, இத இங்கியே சொல்லிட்டா பாதிப் பேரு இதோட போயிருவாங்க, மீதிப் பேருக்காக எழுதறேன்.

ஒரிஜினலப் பத்தித் தெரியாதவங்களுக்கு. 1953ல ஆரம்பிச்சு 56 வரைக்கும் செஞ்சாங்க, மொத்தமே 90 வண்டி சுத்தித்தான். சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணரை லிட்டர் எஞ்சின், வால்வத் தொறந்து மூடற கேம் ஷாஃப்ட் நாலு, 110 குதிரைத்திறன், ஆனா வண்டி எடையே 550 கிலோ பக்கம்தான், அதனால அந்தக் காலத்துல பெரிய பெரிய எஞ்சின் வண்டியெல்லாம் இதுகிட்ட திணறுச்சு. ஜேம்ஸ் டீன்னு ஒரு ஹாலிவுட் நடிகர், 1955 செப்டம்பர் 30ந் தேதி இந்த வண்டியில போறப்பத்தான் ஆக்சிடென்ட்ல செத்தாரு, அதுலயே பாதிப் பேரு வந்துச்சு. எனக்குப் புடிச்சது வேற கதை. 1954ல இத்தாலியில மில்லே மிலியா ரேஸ், ஹான்ஸ் ஹெர்மன்ங்கறவரு ஓட்டிட்டு வர்றாரு, எதுர்ல ரயில்வே கேட் மூடிட்டாங்க, பிரேக் புடிக்க நேரமில்ல, பக்கத்துல இருந்தவரோட ஹெல்மெட்ட ஒரு தட்டு தட்டித் தலையக் குனிய வெச்சுட்டு கேட்டுக்கு அடியிலயே பூந்து அக்கட்ட போயிட்டாரு. வண்டி அத்தன தாழ்வு. எங்க பக்கம் ரயில்வே கேட்டுல நிக்கறப்பல்லாம் இது ஞாபகம் வரும், செஞ்சு பாக்க மாட்டேன், பயப்படாதீங்க.

இன்னைக்கு ஒரிஜினல் ஒண்ணு ஏலத்துக்கு வந்தா கோடிக்கணக்குல போகும், நம்ம தோப்பு பூராத்தையும் வித்தாலும் கதவு கூட வராது. அதனால ஒலகம் பூரா இதுக்கு ரெப்ளிகா செய்யறாங்க, அமெரிக்காவுலயும் பிரேசில்லயும் வோக்ஸ்வேகன் பீட்டில் எஞ்சின வெச்சுச் செஞ்சது நெறைய. நம்மூர்ல பீட்டிலுக்கு எங்க போறது. பட்டறைக்காரர் எஸ்டீம எடுத்ததுக்குக் காரணம் இருக்குது, எஸ்டீம்ல முன்னாடி இருக்கற எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டையும் ஒரே செட்டாக் கழட்டி அப்படியே சீட்டுக்குப் பின்னாடி வெச்சா பின் சக்கரத்த ஓட்டும், தனியா ஷாஃப்ட் இழுக்கற வேலை கெடையாது. 1298 சிசி, பெட்ரோல பீச்சி விடற எம்பிஎஃப்ஐ எஞ்சின்னா 85 குதிரை. அதுவும் போக, ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் வண்டியில இதே எஸ்டீம் எஞ்சின்தான் ஓடுது, அதனால கோயம்புத்தூர்ல இந்த எஞ்சின தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பிரிச்சு மாட்டற ஆளுக இருக்காங்க. மாருதி சாமான வெச்சு ரேஸ் வண்டி கட்டறது இந்த ஊருக்குப் புதுசும் இல்லீங்க, கரிவர்தன் 80கள் கடைசியிலயே மாருதி 800 எஞ்சின் வெச்சு ஃபார்முலா மாருதி கட்டுனவரு, செட்டிபாளையம் டிராக்குக்கு அவரு பேருதான் வெச்சிருக்காங்க.

சரி, வண்டிக்கு வர்றேன். சேசிஸ் பூரா பைப்பு, வெல்டிங் நல்லா இருக்குது, நான் கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். பாடி ஃபைபர். தூரத்துல இருந்து பாத்தா சும்மா நச்சுன்னு இருக்கும், அந்தப் பின்பக்க வளைவு, அந்த மூக்கு, வெள்ளிக் கலரு, யாரா இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க. கிட்ட வந்தா கதவு இடைவெளி மேல ஒரு அளவு கீழ ஒரு அளவு, பின் மூடி பூட்டற எடத்துல ஃபைபர் மேல பூசற ஜெல்கோட் மயிர் கோடா வெடிச்சிருக்குது. ஃபைபர்ல இது சகஜம்தான், ஆனா புது வண்டியில வந்துருக்கக் கூடாது, அந்த எடத்துல இன்னொரு லேயர் போட்டிருக்கணும். சொன்னதுக்கு "கொண்டாங்க, சரி பண்ணிக் குடுத்தர்றேன்"னாரு, பண்ணியும் குடுத்தாரு, ஆனா அவரு நாளைக்குன்னு சொன்னா அடுத்த வாரம்னு வெச்சுக்கங்க.

ஓட்டறது எப்படின்னா, அதுல குறையே சொல்ல மாட்டேன். எஸ்டீம் எஞ்சின் எஸ்டீம்ல சாதுவா இருந்துது, அதே எஞ்சின் இத்தன எடை கம்மியான வண்டியில ஏறுனதும் ஆளே மாறிடுது. செகண்ட்ல மிதிச்சா வயிறு பின்னாடி போகும். அந்த செட்டிபாளையம் டிராக்கு, கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர்தான், பெரிய டிராக் இல்ல, ஆனா இந்த மாதிரி சின்ன வண்டிக்கு அதுதான் சரி, நாங்க நாலஞ்சு பேரு காசு போட்டு டிராக் எடுத்து ஓட்டுவோம். ஒண்ணு மட்டும் கவனம், எடை பூராப் பின்னாடி இருக்கறதால வளைவுல பாதியில போயி பயந்துட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா வால் சுத்திட்டு முன்னாடி வந்துரும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சுட்டு, உள்ள போனப்பறம் லேசா மிதிச்சுட்டே போகணும். முன்-வீல் வண்டி, அதாவது முன் சக்கரம் இழுக்கற வண்டி ஓட்டிப் பழகுனவங்களுக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும்.

குறைன்னா மூணு விசயம். சூடு, சத்தம், உக்கார்ற எடம். ரேடியேட்டர் முன்னாடி எஞ்சின் பின்னாடி, நடுவுல நீளமா ரெண்டு பைப்பு போகுது, அதுல ஏர்லாக் ஆச்சுன்னா டெம்பரேச்சர் முள்ளு விறுவிறுன்னு ஏறும், வண்டி முன்பக்கத்த ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்சுக் காத்து எடுக்கணும், கூலண்ட் மாத்தறப்பல்லாம் இந்தக் கூத்துதான். சித்திரை வெயில்ல மத்தியானம் ஓட்டவே ஓட்டாதீங்க, வண்டி தாங்குனாலும் நீங்க தாங்க மாட்டீங்க, மேல கூரை இல்ல முதுகுக்குப் பின்னாடி அடுப்பு. சத்தம் சுத்தமா எஸ்டீம், ஒரிஜினல் எஞ்சின்ல சிலிண்டர் எதுரெதுரா படுத்திருக்கும் அதோட உறுமலே வேற, இதுல சைலன்சர எப்படி வளைச்சாலும் அது வராது. அப்பறம் நான் அஞ்சு அடி பத்து இஞ்ச், ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல என்னைய மடிச்சு வெக்க வேண்டியிருக்குது. தொப்பை இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி உக்காந்து பாத்துருங்க.

இனி முக்கியமானது, ரோட்டுக்கு எடுக்க முடியாது. இத நெறையப் பேரு சொல்ல மாட்டாங்க, விக்கறவங்க சுத்தமாச் சொல்ல மாட்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த மாதிரியே வண்டி இருக்கணும்ங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. பழைய எஸ்டீம் ஆர்சி புக்க வெச்சுட்டு இந்த வண்டிய ஓட்டறதெல்லாம் நடக்காது, புது மாடலாப் பதியணும்னா புனேல இருக்கற ஏஆர்ஏஐ மாதிரி எடத்துல டெஸ்ட் பாஸ் பண்ணிச் சர்டிபிகேட் வாங்கணும், ஒத்தை வண்டிக்கு அத யாரு செய்வா. ஆர்சி இல்லாட்டி ரோட்டுக்கான இன்சூரன்சும் இல்ல, நாளைக்கு ஒருத்தரு மேல இடிச்சுட்டா தோப்பு போயிரும். அதனால எங்க தோப்புக்குள்ள மண் ரோட்டுல மெதுவா, இல்லாட்டி டிராக்குல. வீட்டுல இருந்து டிராக்குக்கு ரெக்கவரி வண்டி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும்.

இந்த ரெக்கவரி வண்டியில இருந்துதான் கச்சேரியே ஆரம்பம். கெணத்துக்கடவு தாண்டி டீக்கு நிறுத்துனா மொதக் கேள்வி, "ஏனுங்க தம்பி, வண்டி படுத்துக்கிச்சுங்களா?" இல்லீங்கண்ணா, நல்லாத்தான் இருக்குது, ரோட்டுல ஓட்டக் கூடாதுங்க. "ஓட்டக் கூடாதா? அப்பறம் எதுக்குங்க வாங்குனீங்க?" இதுக்கு இன்னி வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல, டீய ஆத்திட்டே சிரிச்சுக்கறது. அடுத்தது மைலேஜ். அதுக்கடுத்தது "எத்தனைங்க ஆச்சு?" நம்ம பக்கத்துல இத மரியாதைக் கொறைவா யாரும் கேக்கறதில்ல, பம்புசெட்டு வாங்கினாலும் கேப்பாங்க, கல்யாணம் பண்ணினாலும் கேப்பாங்க, அதனால நானும் மறைக்காம சொல்லிருவேன். சொன்னதும் எங்க பெரியப்பா மாதிரியே எல்லாரும் மனசுக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் டிராக்டர் வெலயப் போட்டுப் பாக்கறது மூஞ்சியிலயே தெரியும். பெரியப்பா வாய் விட்டே கேட்டாரு, "இந்தக் காசுக்கு ரெண்டு போர் போட்டுருக்கலாமேடா, ஒண்ணுலயாவது தண்ணி வந்திருக்கும்." அதுலயும் ஞாயம் இருக்குதுங்க.

ஆரம்பத்துல கூட்டாளி ஒருத்தன் "ஒரிஜினல்னே சொல்லிரு மாப்ள, இங்க எவனுக்குத் தெரியப் போகுது"ன்னான். அது வேலைக்கே ஆகாது. ஒரிஜினல்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்து எப்ப எறக்குனீங்க, கஸ்டம்ஸ் எத்தன கட்டுனீங்க, நம்பர் பிளேட் ஏன் இல்லன்னு வரிசையா வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொய் தயார் பண்ணணும். இல்ல, கேக்கறவன் உண்மையிலயே விசயம் தெரிஞ்சவனா இருந்து பின் மூடிய ஒரு தடவை தொறந்தான்னா அங்கியே மாருதி எழுத்து தெரியும், அப்பறம் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது. அதனால ஆளு வண்டிகிட்ட வந்து வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நானே சொல்லிருவேன், ரெப்ளிகாங்க, எஸ்டீம் எஞ்சினுங்க, நம்ம கோயம்புத்தூர்ல செஞ்சதுங்க. நாமளே சொல்லிட்டா அவங்களுக்குக் கண்டுபுடிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது, அப்பறம் வண்டியத்தான் பாப்பாங்க.

போர்ஷே லோகோவும் ஒட்டலைங்க. பட்டறைக்காரர் மூக்கு மேல அந்த ஷீல்டு ஒட்டித் தர்றேன்னாப்ல, வேண்டாம்னு சொல்லிட்டேன். வடிவத்த ரசிச்சுச் செய்யறது ஒண்ணு, இன்னொரு கம்பெனி முத்திரையக் குத்திக்கறது வேற, அது சட்டப்படியும் வம்பு. பிரேசில்ல இட்டஜாயிங்கற ஊர்ல ஒரு அப்பாவும் மகனும் பெராரி, லம்போர்கினி மாதிரியே வண்டி செஞ்சு வித்துட்டு இருந்தாங்க, 2019ல போலீஸ் பூந்து பட்டறையவே மூடிருச்சு. என் வண்டி மூக்குல ஷீல்டு இருக்க வேண்டிய எடம் மொட்டையா இருக்குது, அதுவே பாதிப் பேருக்குப் பதில் சொல்லிருது.

டிராக்குல வர்ற கூட்டம் வேற ரகம். உண்மையான ஜெர்மன் வண்டி வெச்சிருக்கற ஒருத்தர், ஊருக்கே தெரிஞ்ச மில்லுக்காரக் குடும்பம், வந்து சுத்திப் பாத்துட்டு "ஒரு ரவுண்டு குடுங்க"ன்னு கேட்டு ஓட்டிட்டு வந்து சிரிச்சுட்டே எறங்குனாரு, அத்தோட சரி, ஒரு குத்தலும் இல்ல. கூட வந்த பசங்கதான், சொந்தமா ஒரு ஆல்டோ கூட இல்லாதவங்க, "ஃபேக்கு ப்ரோ"ன்னு முணுமுணுத்துட்டு அதே ஃபேக்கு மேல சாஞ்சு ரீல்ஸ் எடுத்தாங்க. கோவம் வந்துதான்னா வந்துது, ஆனா பசங்ககிட்ட என்னத்தப் பேசறது, சாயறவன் பெல்ட் பக்கிள் பெயிண்ட்ட கீறாம பாத்துக்கிட்டேன். ஃபைபர் பாடி மேல யாரையும் உக்கார விடாதீங்க, இது மட்டும் கறாரா இருங்க, மரியாதை பாத்துட்டு இருந்தீங்கன்னா மூடி விரிசல் விட்டுரும்.

என்னைய ஆச்சரியப்படுத்துனது பட்டறை ஆளுகதான். கணபதி பக்கம் ஃபவுண்டரி வெச்சிருக்கற ஒருத்தர், சிட்கோவுல லேத் ஓட்டறவங்க, இவங்கல்லாம் பாத்தா ஒரிஜினலா டூப்பான்னு கேக்கறதே இல்ல. நேரா கீழ குனிஞ்சுருவாங்க. அச்சு யாரு எடுத்தா, பேட்டர்ன் மரத்துலயா செஞ்சாங்க, ஹப் எதுலருந்து எடுத்தாங்க, இந்த பிராக்கெட்ட ஏன் இப்படி மடிச்சாங்க, கேள்வி பூரா இப்படித்தான். மாதிரிய முன்னாடி வெச்சுட்டு அதே அளவுக்கு அடிச்சுக் குடுக்கறதுதான் இந்த ஊருல தினப்படி தொழில், மோட்டார்ல இருந்து கிரைண்டர் வரைக்கும் அப்படிக் கத்துட்டு வந்தவங்க, அவங்ககிட்ட காப்பின்னு சொன்னா அது வசவே இல்ல, காப்பி நல்லா வந்துச்சா இல்லையாங்கறதுதான் பேச்சு. கரூர்ல பஸ் பாடி கட்டற மேஸ்திரி ஒருத்தர், எங்க வீட்டுக்கு ஒரம்பரையா வந்தவரு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வண்டிய ஒரு சுத்து சுத்துனாரு, ஒண்ணும் பேசல, உள்ளங்கைய வெச்சு இடது பக்கக் கதவுல இருந்து பின் வளைவு வரைக்கும் மெதுவாத் தடவிட்டே போனாரு, ஒரு எடத்துல நிறுத்தி "இங்க பட்டி தூக்கலா வெச்சிருக்காப்ல, ரெண்டு வருசத்துல உதிரும் பாருங்க"ன்னாரு. கண்ணுக்கு எதுவுமே தெரியாத எடமுங்க அது. பட்டறைக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டா, அந்த எடத்துல மோல்டு சரியா வராம பட்டி போட்டுத்தான் சமாளிச்சேன்னு ஒத்துக்கிட்டாப்ல. இத்தன காசு குடுத்து யூடியூப் ரிவ்யூ எல்லாம் பாத்து வாங்குனதுல கெடைக்காத விசயம் ஒரு உள்ளங்கையில கெடைச்சுது.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கற மச்சான் பாத்துட்டு இதுல என்ன பெரிய யோசனைன்னான். "எங்கள்ல ஒரே மெஷின்ல ஒரே துணியில தைச்சது ரெண்டு பண்டல், ஒண்ணுக்கு லேபிள் ஒட்டுனா பாரின்ல ரெண்டாயிரம், ஒட்டாதது காதர்பேட்டையில எரநூறு. நீ லேபிள் ஒட்டாததா வெச்சிருக்க, அவ்ளோதான்." கேக்க நல்லா இருந்துது, ஆனா இது ஒரே துணி இல்லையே மச்சான், அதுல நாலு கேம் ஷாஃப்ட் எஞ்சின், இதுல எஸ்டீம்னேன். அதுக்கு அவன் "சரி, அப்ப காட்டன்னு சொல்லி பாலியஸ்டர வித்தாத்தான தப்பு"ன்னான். அது சரிதான்.

வீட்டுல அமுச்சிதான், அம்மாவப் பெத்தவங்க, கடைசி வரைக்கும் சமாதானமே ஆகல. ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார் எல்லாத்தோடயும் இதையும் நிறுத்திப் பொட்டு வெச்சோம், அமுச்சி ஹெட்லைட்டுக்கு சந்தனம் வெச்சுட்டு "மழை வந்தா என்ன சாமி பண்ணுவ"ன்னு கேட்டாங்க. நனைவேன் அமுச்சின்னேன். சித்தி பையன் கல்யாணத்துக்கு மாப்ள அழைப்புக்கு இந்த வண்டிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க, ரோட்டுல எடுத்தா கேஸ் ஆகும்னு எத்தன சொல்லியும் கேக்கல, மாமா ஒருத்தரு "ரெக்கவரி வண்டி மேலயே மாப்ளைய உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போலாம்"ங்கறாரு. நல்ல வேளை, பொண்ணு வீட்டுலயே வேண்டாம்னுட்டாங்க.

சாமான் பத்திக் கேக்கறவங்களுக்கு. எஸ்டீம் நிறுத்தி வருசக்கணக்காச்சு, ஆனா உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல தேடுனா இன்னும் கெடைக்குது, கியர்பாக்ஸ் கேபிள் மட்டும் இதுக்குன்னு நீளமா செஞ்சது, அத ஒரு ஸ்பேர் சேத்தே வாங்கி வெச்சுக்கங்க. பிரேக் முன்னாடி பின்னாடி பங்கு சரியா இருக்கான்னு டிராக்குல ஒரு தடவை தெரிஞ்சவங்கள வெச்சு செட் பண்ணிக்கங்க, முன்-வீல் வண்டி பிரேக்க அப்படியே எடுத்துப் போட்டிருந்தா எடை மாறுனதுக்கு ஏத்த மாதிரி அது இருக்காது.

யாராவது செகண்ட் ஹேண்டுல இந்த மாதிரி பாக்கப் போனீங்கன்னா பெயிண்ட்டப் பாக்காதீங்க, கீழ படுத்து வெல்டிங்கப் பாருங்க, அப்பறம் மேஸ்திரி ஒருத்தரக் கூட்டிட்டுப் போயி தடவிப் பாக்கச் சொல்லுங்க. எஞ்சின் எந்த வண்டியில இருந்து எடுத்ததோ அந்த வண்டியோட ஆர்சி புக்கு, அதைக் கழிச்சுக் கட்டி பதிவ ரத்து பண்ணுன காகிதம், ரெண்டையும் கேட்டு வாங்கிருங்க, எஞ்சின் நம்பர நீங்களே நின்னு சரி பாருங்க. அந்தக் காகிதம் இல்லைன்னு சொன்னா எத்தன வெலை கொறைச்சாலும் எந்திரிச்சு வந்துருங்க.